உங்க ஊர் ஆத்துல தண்ணி வருதா?

"மாமா, உங்க ஊர்ல செல வச்சுட்டாங்களாமே!"

2022 ஜூலை கடைசி. காலை ஏழரை மணி. காரில் ஏறி பெல்ட்கூட போடவில்லை, அக்கா மகன் கூப்பிட்டுவிட்டான். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பையன் தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். சிலை என்றதும் வழக்கம்போல யாரோ தலைவருக்கு என்று நினைத்து, "எந்தக் கட்சிடா?" என்று கேட்டேன். அடுத்த ஒரு நிமிஷம் போனில் சிரிப்புச் சத்தம் மட்டும்தான்.

கட்சி எல்லாம் இல்லை. அமெரிக்காவில் நான் இருக்கிற அல்புகர்க்கி நகரத்து மாநாட்டு மண்டபத்தில் 'பிரேக்கிங் பேட்' டிவி தொடரின் வால்டர் ஒயிட்டுக்கும் ஜெஸ்ஸிக்கும் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். போதைமருந்து காய்ச்சியவர்களுக்குச் சிலையா என்று இங்கேயே சிலர் முணுமுணுத்தார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் கையில் கொடுத்திருந்தால் வால்டருக்கு இன்னும் கொஞ்சம் இடுப்பு வளைவு கிடைத்திருக்கும் என்பது மட்டும்தான் என் வருத்தம்.

ஆனால் அன்று முழுக்க என்னைக் குடைந்தது சிலை இல்லை. 'உங்க ஊர்' என்ற அந்த வார்த்தை. வந்து ஐந்து வருஷத்தில் ஊரில் யாரும் அப்படிச் சொன்னது கிடையாது. 'அமெரிக்காவுல', 'அங்க', 'நீ இருக்கற எடத்துல' என்பார்கள். ஊர் என்றால் அது ஒன்றுதான். பையன் போகிறபோக்கில் ஒரு வார்த்தையில் என்னைக் குடிபெயர்த்துவிட்டான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் இங்கே நன்றாகவே நிலைத்துவிட்டேன். வந்த புதிதில் துவரம்பருப்பு வேகவே வேகாது. மன்னார்குடிப் பெண்ணான என் மனைவி பருப்பை மாற்றினாள், குக்கரை மாற்றினாள், கடைசியில் மளிகைக் கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். இந்த ஊர் 5,000 அடிக்கு மேலே இருக்கிறது, தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், கூட ரெண்டு விசில் விடுங்கள் என்று. விட்டோம். நிலைத்தோம். ஆகஸ்ட், செப்டம்பரில் கடை வாசல்களில் இரும்பு உருளையைச் சுழற்றிப் பச்சை மிளகாயைச் சுடுவார்கள். அந்தக் காரல் மூக்கில் ஏறினால் வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி ரசிக்கிறார்கள். எனக்குத் தும்மல் வரும். அம்மா சாம்பார்பொடிக்கு மிளகாய் வறுக்கும்போது திண்ணையில் இருக்கிற அப்பாவில் ஆரம்பித்து தொழுவத்து மாடு வரைக்கும் வரிசையாகத் தும்மும். அதிலும் அந்தச் செவலைப் பசு... சரி, சொல்ல வந்தது அதில்லை.

டெல்டாக்காரன் வீட்டுக்கு போன் போட்டால் முதல் கேள்வி உடம்பைப் பற்றி இருக்காது. ஆற்றைப் பற்றித்தான் இருக்கும். மேட்டூரில் எத்தனை அடி, ஜூன் 12-க்குத் திறப்பானா, கல்லணைக்கு எப்போது வரும், புதாறு என்கிற கல்லணைக் கால்வாயில் நம்ம வாய்க்கால் தலைப்புக்கு எப்போது எட்டும். மருமகளுக்குப் பிரசவ வலி என்று சொன்னாலும் "ஆத்துல தண்ணி வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மருத்துவமனைக்குக் கிளம்புவார்கள். அப்பா இந்த வழக்கத்தைக் கடல் கடந்தும் விடவில்லை. நான் ரியோ கிராண்டே என்று ஓர் ஆறு ஊர் நடுவே ஓடுகிறது என்று உளறிவைத்த நாளிலிருந்து, "அங்க ஆத்துல தண்ணி வருதா?" என்பதும் சேர்ந்துகொண்டது. அதிலிருந்து வாய்க்கால் பிரித்துப் பாசனம் செய்கிறார்கள், வாய்க்காலுக்கு அசெக்கியா என்று பெயர், யாருக்கு எப்போது முறை என்று பார்க்க ஒரு மயோர்தோமோ உண்டு என்றெல்லாம் சொன்னேன். "நம்ம லஸ்கர் மாரி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

சிலை வைத்த அதே ஜூலையில் அந்த ஆறு அல்புகர்க்கிக்குள் வறண்டது. நாற்பது வருஷத்தில் முதல்முறை என்றார்கள். பாலத்தில் வண்டியை மெதுவாக்கிப் பார்த்தேன். வெடித்த வண்டல், நடுவில் ஒரு நாய் தன் பாட்டுக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. சித்திரை மாதத்து வெண்ணாறேதான். அங்கேயோ அந்த வருஷம் தலைகீழ். மே 24-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்து, ஜூலையில் அணை நிரம்பி, கொள்ளிடத்தில் உபரி போய்க்கொண்டிருந்தது. அப்பா குதூகலத்தில் இருந்தார். "அங்க தண்ணி வருதா?" என்றார்.

"வருதுப்பா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்று யோசிக்கவில்லை. யோசிக்கவைத்தது அக்கா மகனின் தொல்லைதான். அந்த ஊரிலேயே இருந்துகொண்டு அந்தத் தொடரைப் பார்க்காதவன் என்று என் மானத்தை வாங்கினான். அவன் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து போனிலேயே இரண்டு தடவை முடித்தவன். தொடரில் வருகிற வீட்டின் முன்னால் நின்று ஒரு செல்ஃபி அனுப்பச் சொன்னான். போனேன். தொடரில் வருகிற மாதிரியே ரசிகர்கள் கூரையில் பீட்சா எறிந்து எறிந்து, வீட்டுக்காரர்கள் வேலி போட்டுவிட்டார்கள். நான் எறிய ஒன்றும் கொண்டுபோகவில்லை என்றாலும் கூச்சமாக இருந்தது, இறங்காமல் திரும்பிவிட்டேன். பிறகு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்தேன். 59 எபிசோடு கதையாகப் போனது. வாத்தியாருக்குப் புற்றுநோய், பணத்துக்காகப் போதைமருந்து, பிறகு பணத்துக்காக இல்லாமல். அறுபதாவதுதான் 'ஓஸிமாண்டியஸ்'. 2013 செப்டம்பர் 15 அன்று வந்தது. எழுதியவர் மொய்ரா வாலி-பெக்கெட், இயக்கியவர் ரியான் ஜான்சன். தொடரே வேண்டாம், இந்த ஓர் எபிசோடு போதும் என்று சத்தியம் செய்கிற ரசிகர்கள் உண்டு. இனிமேல் பார்க்கப்போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

தலைப்பு ஷெல்லி 1818-இல் வெளியிட்ட கவிதை. பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் மன்னன் சிலை. எங்கள் பக்கத்து ஆளுக்கு இதை விளக்கவே வேண்டாம். கும்பகோணத்துக்குப் பக்கத்துப் பழையாறை சோழன் தலைநகரம் என்றால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூட நம்ப மாட்டார். அக்கா மகனுக்கு இந்த எபிசோடு பிடித்ததே அந்தச் சரிவுக்காகத்தான். சகலை ஹேங்க்கைச் சுடாமல் விட 80 மில்லியன் டாலர் தருகிறேன் என்று வால்டர் ஒரு கும்பலிடம் கதறுகிறான், அவர்கள் சுட்டுவிடுகிறார்கள். மிஞ்சிய ஒற்றைப் பணப் பீப்பாயை அவன் பாலைவனத்தில் உருட்டிக்கொண்டு போகிறான். போகிற வழியில், முதல் எபிசோடில் காற்றில் பறந்த அவனுடைய பேன்ட் கிடக்கிறது. அவன் கவனிப்பதில்லை. "அஞ்சு வருசத்துக் கடன மொத்தமா ஒரே நாள்ல வசூல் பண்றாங்க மாமா" என்றான் பையன். நல்ல வார்த்தை. கந்துவட்டி தெரிந்த ஊரில் வளர்ந்தவன்.

என்னைப் போட்டு உலுக்கியது அதுவல்ல. எபிசோடு ஆரம்பிப்பதே பழைய நினைவில்தான். முதன்முதலாகக் காய்ச்சிய நாள். வால்டர் வண்டியிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளிப்போய், மனைவியிடம் சொல்லப்போகிற பொய்யைத் தனக்குத்தானே சொல்லிப் பழகுகிறான். கார் கழுவும் இடத்து முதலாளி இருக்கச் சொல்லிவிட்டான், வர லேட்டாகும். ஒருமுறை சொல்லிப் பார்த்து, திருத்தி, பிறகு நம்பரை அழுத்துகிறான். ஸ்கைலர் எடுக்கிறாள். பிறக்கப்போகும் பெண்ணுக்கு ஹாலி என்று பெயர் வைக்கலாமா என்கிறாள். இரண்டு பேரும் அவ்வளவு பிரியமாகப் பேசுகிறார்கள். பொய்யை நடுவில் வைத்துக்கொண்டு அத்தனை பிரியம்.

நான் ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன். பக்கத்தில் மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

2019 இலையுதிர்காலத்தில் எனக்கு வேலை போயிற்று. எச்1பி விசாவில் இருப்பவனுக்கு அதற்குப் பிறகு 60 நாள்தான் தவணை. அதற்குள் இன்னொரு கம்பெனி எடுத்துக்கொள்ளவேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்டவேண்டும். ஊரில் அப்பாவிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் சட்டையை இன் செய்துகொண்டு நூலகத்துக்குப் போவேன். கதவு திறக்கிறவரை காரிலேயே இருப்பேன். அப்பாவுக்கு போன் பண்ணுகிற நேரம் அதுதான், அங்கே ராத்திரி எட்டரை, சாப்பிட்டுவிட்டுத் திண்ணைக்கு வந்திருப்பார். கூப்பிடுமுன் ஹீட்டர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். "இன்னிக்கி ஒரு மீட்டிங் இருக்குப்பா, சீக்கிரம் வச்சிடுறேன்." மனைவிதான் ஒருநாள் திருத்தினாள்: "நேத்தும் மீட்டிங்னுதான் சொன்னீங்க. இன்னிக்கி வேற ஏதாச்சும் சொல்லுங்க." ஐம்பத்தோராம் நாள் வேலை கிடைத்தது. அன்றைக்கும் ஊரில் சொல்லமுடியவில்லை. இல்லாமல் போனதையே சொல்லாதபோது கிடைத்ததை எப்படிச் சொல்வது?

இது ஒருவழிப் பாதையும் இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. மூன்று நாள் போன் போகவில்லை. நாலாம் நாள் அப்பா எடுத்தார். "ஒண்ணும் இல்லப்பா. நாலஞ்சு தென்னை சாஞ்சிருக்கு. கரண்டுதான் இல்ல." குரலில் ஒரு பிசிறு கிடையாது. பத்து நாள் கழித்து அக்கா மகன் ஒரு போட்டோ அனுப்பினான், அப்போது அவன் பள்ளிக்கூடப் பையன், மறைக்கத் தெரியாது. தோப்பில் 84 மரம். ஏழு நின்றது. மற்றவை எல்லாம் ஒரே திசைக்குத் தலையைச் சாய்த்து, யாரோ சீவிப்போட்ட மாதிரி கிடந்தன. அறுத்துக்கொண்டு போகச் சொன்னால் சும்மா கொடுத்தாலும் ஆள் வரவில்லையாம். அடுத்த கோடையில் போனபோது, ஒரு பொட்டு நிழல் இல்லாத அந்த மனையில் அப்பா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று சொன்னார்: "வெயிலு நல்லா விழுவுது. உளுந்து போடலாம்."

வால்டரின் கடைசி போன் அந்த எபிசோடின் பின்பாதியில் வருகிறது. அதற்கு முன் சமையலறையில் ஒரு காட்சி. ஒரு பக்கம் போன், இன்னொரு பக்கம் கத்திகள். ஸ்கைலர் கத்தியை எடுக்கிறாள். கைகலப்பு, மகன் குறுக்கே விழுந்து அம்மாவைக் காப்பாற்றுகிறான், வால்டர் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறான். வழியில் அவன் டயபர் மாற்றும்போது அது "மம்மா, மம்மா" என்கிறது. அது எழுதி வைத்த வசனமில்லை. கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்ற சொந்த அம்மாவைப் பார்த்துக் குழந்தை அதுவாகவே சொன்னது, வால்டராக நடித்த பிரையன் க்ரான்ஸ்டன் நடிப்பை நிறுத்தாமல் அதோடு போய்விட்டார். பிறகு போன். வீட்டில் போலீஸ் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். எல்லாம் நானே செய்தேன், உனக்கு ஒன்றும் தெரியாது, நீ முட்டாள் என்று மனைவியைக் கண்டபடி ஏசுகிறான். ஏசிக்கொண்டே சத்தமில்லாமல் அழுகிறான். போலீஸ் காதுக்கு அது மிரட்டல், அவளுக்கு விடுதலைப் பத்திரம்.

"காப்பாத்துறதுக்காகத் திட்டுறான் மாமா, அது நடிப்பு" என்பது அக்கா மகனின் கட்சி. ரசிகர்களில் பாதிப்பேர் அந்தக் கட்சிதான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வசவில் பாதியாவது அவன் மனசிலிருந்தே வந்தது. அதைச் சொல்ல அவனுக்கு ஒரு பொய் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஒரே வாக்கியம் பொய்யாகவும் உண்மையாகவும் இருக்கிற வித்தை திண்ணையில் உட்கார்ந்து உளுந்து போடலாம் என்கிறவருக்குத் தெரியும்.

இதையெல்லாம் பையனிடம் சொல்லவில்லை. "சூப்பர்டா" என்று ஒரு மெசேஜ் போட்டேன்.

அந்த வாரக் கடைசியில் அப்பாவைக் கூப்பிட்டேன். இங்கே மழை பெய்து ஆற்றில் மறுபடி தண்ணீர் வந்திருந்தது. கொள்ளிடம், மேட்டூர், நாற்று, யூரியா எல்லாம் முடிந்து, வழக்கமான கேள்விக்குக் காத்திருந்தேன்.

"உங்க ஊர் ஆறு காஞ்சிருச்சாமே. பேரன் போன்ல காட்டுனான்."

இவரும் சொல்லிவிட்டார், உங்க ஊர்.

"இல்லப்பா, இப்ப வந்துருச்சு. நெசமாவே வந்துருச்சு."

"ம், ம். வரும், வரும்" என்றார், நாலஞ்சு தென்னை என்று சொன்ன அதே குரலில். "சரி, வண்டி ஓட்டும்போது பேசாத. வையி."

வண்டி வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது. "சரிப்பா" என்று வைத்தேன்.