சாரென் ஏன் சரணடைந்தான்?

மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளி வீடியோ கேமின் முதல் பாகத்தை (2007) அவசரமாக ஆடி முடித்தவர்கள் அதன் வில்லன் சாரெனைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான்: மனிதர்களைப் பிடிக்காத ஏலியன். அவர்களைக் குறை சொல்ல முடியாது, கேமே முதலில் அந்தத் தூண்டிலைத்தான் போடுகிறது. ஈடன் பிரைம் என்ற மனிதக் குடியேற்றத்தில் தன்னை நம்பித் திரும்பி நிற்கும் சக ஏஜென்ட் நைலஸைப் பின்னாலிருந்து சுடுகிறான். விண்மீன் மண்டல அரசின் தலைமையகமான சிட்டாடல் நிலையத்தில், மனிதப் படையின் கேப்டன் ஆண்டர்சன் தன் பழைய கணக்கைச் சொல்லும்போது அந்த வெறுப்புக்குச் சாட்சியும் கிடைத்துவிடுகிறது. வெறுப்பு உண்மைதான். ஆனால் அவனை ஓட்டுவது அது இல்லை.

அவனை ஓட்டுவது பயம். அதைப் புரிந்துகொள்ள, அவன் சரணடைந்த சாவ்ரின் என்ற ரீப்பர் கப்பலுக்கு அவன் எதற்குத் தேவைப்பட்டான் என்று முதலில் பார்க்க வேண்டும். ரீப்பர்கள் 50,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து, வளர்ந்த உயிரினங்களை அறுவடை செய்யும் இயந்திரக் கப்பல்கள். சிட்டாடலே அவை உள்ளே வரும் வாசல். காவலுக்கு நின்ற சாவ்ரின் சிக்னல் கொடுத்தால், சிட்டாடலைப் பராமரிக்கும் கீப்பர்கள் அந்த வாசலைத் திறக்க வேண்டும். இந்த முறை சிக்னல் போயும் கீப்பர்கள் அசையவில்லை. புரோத்தியன்கள் போன அறுவடையில் அழிந்த இனம்; ஐலோஸ் கிரகத்தில் உயிர்பிழைத்த சில புரோத்தியன் விஞ்ஞானிகள் முன்பே அதைக் கெடுத்துவிட்டார்கள். ஆகவே சாவ்ரினுக்குப் பின்கதவு வேண்டும்: ஐலோஸிலிருந்து சிட்டாடலுக்குள் கொண்டுவிடும் கான்டியூட். அதைத் தேடுவது எடுபிடி வேலை அல்ல. புரோத்தியன்கள் விட்டுப்போன பீக்கன் கருவி காட்டும் குழப்பமான காட்சிகளுக்கு அர்த்தம் பிடிக்க வேண்டும், அதற்கான திறவுகோலான சைஃபரை ஃபெரோஸ் கிரகத்தில் பெற வேண்டும், ஐலோஸுக்கு வழிவிடும் மூ ரிலே எங்கே என்பதை நொவேரியா கிரகத்தில் ராக்னி என்ற பூச்சி இனத்தின் ராணியிடமிருந்து கறக்க வேண்டும்.

பக்கத்தில் இருப்பவர்களின் மனத்தை ரீப்பர் பிடித்து அடிமையாக்கும் வசியத்தின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. சாவ்ரின் பிடியை இறுக்க இறுக்க, பிடிபட்டவனின் புத்தி மழுங்கும். முழு அடிமையால் கான்டியூடைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் தனக்கு மூளை மிச்சம் இருக்கிறது, அதுவே தன் காப்பு என்று விர்மையர் கிரகத்தில் சாரெனே வாதாடுகிறான். புரோத்தியன்கள் எதிர்த்தார்கள், அழிந்தார்கள். பணிந்து, பயன்பட்டால் கோடிக்கணக்கான உயிர்களாவது மிஞ்சும் என்பது அவன் கணக்கு. சாரென் ஒரு ஸ்பெக்டர், அதாவது சிட்டாடல் அரசின் சிறப்பு ஏஜென்ட். அந்த வேலையே சட்டத்துக்கு மேலே நின்று, சிலரை இழந்து பலரைக் காப்பது. அந்தத் தொழில்புத்தியோடு பார்த்தால் கணக்கு இடிக்கவில்லை. இதுதான் அவனைப் பெரிய வில்லனாக்குகிறது. அவனோடு வரும் கெத் என்ற ரோபோ படை வெறும் கூட்டம்தான் (பெயரில்தான் கெத்து).

அவனுக்கே சந்தேகம் இருந்தது என்பதற்கு ஆதாரம் விர்மையரில் உள்ள அவன் தளத்திலேயே கிடக்கிறது. கடைசிச் சண்டைக்கு ஓடுவதற்கு முன் லேபில் ரானா என்ற அசாரி இன விஞ்ஞானியிடம் பேசுங்கள். அந்தக் கப்பல் மூளையை என்ன செய்கிறது என்று ஆராயவே ஒரு தளம் முழுக்க ஒதுக்கியிருக்கிறான். தான் வசப்படவில்லை என்று உறுதியாக நம்புகிறவன் இதைக் கட்ட மாட்டான். சாரெனோடு சேர்ந்த அசாரித் தலைவி பெனீசியா நொவேரியாவில் சொல்வதும் இதோடு சேரும். சாரெனைத் திருத்தலாம் என்று போனவர் தானே சிக்கிக்கொண்டார். அதனால் விர்மையருக்கு முன்பே நொவேரியாவை முடித்துவிடுவது நல்லது. அப்போதுதான் சாரென் தன்னைப் பற்றி அளக்கும்போது பெனீசியாவின் முகம் நினைவுக்கு வரும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஐலோஸ். புரோத்தியன்கள் விட்டுப்போன விஜில் என்ற கணினி அறிவோடு பேசும்போது டயலாக் சக்கரத்தின் வலப்பக்கத்தை மட்டும் அழுத்தினால் கதை நகர்ந்துவிடும். இடப்பக்கத்துக் கேள்விகளை ஒன்றுவிடாமல் கேளுங்கள். அறுவடை முடிந்ததும் ரீப்பர்கள் தங்கள் வசிய அடிமைகளை அப்படியே விட்டுப் போயின. தானாகச் சாப்பிடக்கூடத் தெரியாமல் அவர்கள் செத்தார்கள். சாரெனின் கணக்கு உடைவது இங்கேதான், ஆனால் அவன் இதைக் கேட்கவே இல்லை.

இன்னொரு தவறு, திறமைகளுக்கு ஒதுக்கும் பாயின்ட் விஷயத்தில். எல்லாவற்றையும் துப்பாக்கியில் கொட்டிவிட்டு வந்தால், சிட்டாடல் மோதலில் சார்ம் (நயமாகப் பேசுவது), இன்டிமிடேட் (மிரட்டுவது) இரண்டு வரிகளும் மங்கிக் கிடக்கும். ஏதாவது ஒன்றை, நடத்தைக்கு ஏற்றதைப் பார்த்து, ஆரம்பத்திலிருந்தே ஏற்றி வாருங்கள். விர்மையரில் நாம் ஆடும் பாத்திரமான ஷெப்பர்ட் விதைத்த சந்தேகத்தை சாவ்ரின் மோப்பம் பிடித்து, சாரென் உடம்பில் கருவிகளைப் பதித்திருக்கும். அந்த வரியைத் தேர்ந்தால், அதையும் மீறி அவனுக்கு ஒரு நொடி தெளிவு வரும், தன்னையே சுட்டுக்கொள்வான். சண்டையின் முதல் பாதி மிச்சம். இரண்டாம் பாதி மிச்சமில்லை, பிணத்தை சாவ்ரின் எழுப்பிவிடும்.

மூன்றாம் பாகத்தில் (2012) ரீப்பர்களின் நோக்கத்தையும் விளக்கிவிட்டார்கள்: இயந்திரங்கள் உயிர்களை முற்றாக அழிக்காமலிருக்க, முன்கூட்டியே அறுவடை. என்னைக் கேட்டால் தேவையே இல்லாத விளக்கம். அதே பாகத்தில் ரன்னாக் கிரகத்தில் கெத்தையும் அவற்றைப் படைத்த குவேரியன்களையும் சமாதானப்படுத்திவிட்டு வந்தவர்களுக்கு அது இன்னும் ஒட்டாது. விர்மையரில் சாவ்ரின் காரணம் சொல்ல மறுத்ததே போதுமாக இருந்தது. நோக்கம் தெரிய வேண்டிய வில்லன் சாரென் ஒருவன்தான், அவனுடையதோ முதல் பாகத்திலேயே முழுசாக இருக்கிறது.