பாயசம் தொடாதவர்கள்

மலேசியாவில் பட்டர்வர்த் பக்கம் சுகாதாரப் பரிசோதகர் வேலை எனக்கு. ஆரம்பத்தில், நச்சுணவுப் புகார் வந்தால் நேரே கிளினிக்குக்குப் போவேன். வாந்தியும் பேதியுமாகக் கிடப்பவர்களிடம் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு திரும்புவேன். அப்படித்தான் ஒரு தடவை கோழிப் பிரட்டல் மேல் பழியைப் போட்டேன். படுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைச் சாப்பிட்டிருந்தார்கள். கல்யாண வீட்டில் பிரட்டலை யார்தான் விடுவார்கள்?

2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடிப்பது பற்றி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கோர்செரா இணையதளத்தில் நடத்திய பாடத்தை முடித்துச் சான்றிதழ் வாங்கினேன். நல்ல பாடம்தான். ஆனால் என் தப்பு உறைத்தது வேறொன்றில். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி இலவசமாகத் தந்த, நோய்ப் பரவலை அலசும் எபி இன்ஃபோ மென்பொருளைப் பழகப் போய், அவர்களுடைய பழைய பயிற்சி ஒன்றில் மாட்டினேன்.

1940 ஏப்ரல் 18, நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வேகோ வட்டாரத்தில் தேவாலய விருந்து. விசாரித்தது 75 பேரை, நோய் கண்டது 46 பேருக்கு. அந்த 46இல் 29 பேர் பன்றித் தொடைக்கறி சாப்பிட்டவர்கள். நானாக இருந்தால் அதோடு அறிக்கையை மூடியிருப்பேன். ஆனால் கறியைத் தொடாத 29 பேரிலும் 17 பேர் படுத்திருந்தார்கள்! வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கு நோய். சாப்பிடாத 21 பேரில் 3 பேருக்குத்தான். ஓப்பன்எபி என்ற இணையக் கணிப்பானின் நாலு கட்டத்தில், சாப்பிட்டவர்களில் நோய் கண்டவர் 43, காணாதவர் 11, சாப்பிடாதவர்களில் நோய் கண்டவர் 3, காணாதவர் 18 என்று தட்டினேன். சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து, சாப்பிடாதவர்களைவிட ஐந்தரை மடங்குக்கு மேல் என்று வந்தது. அந்தக் கணக்கைத் தாளிலேயே போடலாம். நல்லா இருக்கிறவர்களையும் கேட்டால்தான் கட்டம் நிரம்பும், அதுதான் விஷயம்.

அப்புறம் ஒரு காதணி விழா. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி. இந்தத் தடவை கிளினிக்குக்குப் போய்விட்டு, விருந்தினர் பட்டியலோடு வீடு வீடாகவும் ஏறினேன்.

"எனக்குத்தான் ஒன்னும் ஆகலையே தம்பி, என்னை எதுக்குக் கேக்குற?" என்றார் ஒரு பாட்டி.

"அதுக்குத்தான் பாட்டி கேக்குறேன்."

விரல் விட்டு எண்ணினார். சோறு, சாம்பார், பிரட்டல், தயிர், எல்லாம் சாப்பிட்டிருந்தார்.

"பாயசம்?"

"இனிப்பு நீர்க்காரி நான், அதைத் தொடுவேனா? எங்க மேசையில யாருமே தொடல. எல்லாம் மாத்திரை போடுற கூட்டம்."

பேனாவை மூடப் போனவன், அந்த மேசையில் இருந்தவர்களின் பெயர்களைக் கேட்டு எழுத உட்கார்ந்தேன்.