கன்னியாவின் எட்டாவது கிணறு: ஒரு படகு ஏசியின் கடைசி வருடம்

மச்சான் கனடாவில் இருக்கிறார், படகு திருகோணமலையில் இருக்கிறது. வருடத்தில் மூன்று கிழமை அவர் வந்து அதில் ஏறுவார். மீதி நாற்பத்தொன்பது கிழமையும் அதைப் பார்த்துக்கொள்வது என்னுடைய பொழுதுபோக்கு. (பொழுதுபோக்கு என்பது நான் வைத்த பெயர். வீட்டில் அதற்கு வேறு பெயர்.)

34 அடி நீளம், பைபர் கிளாஸ் உடம்பு, உள்துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது. கபினுக்குள் ஒரு 16,000 பிடியு ஏசி (பிடியு என்பது குளிர்விக்கும் திறனின் அளவு). தகட்டில் 2006 என்று போட்டிருக்கிறது, உள்ளே சுற்றும் குளிர்வாயு ஆர்-22. கம்பிரசர், காற்றாடி, இரண்டு சுருள்கள் எல்லாம் ஒரே தட்டில் வைத்து இருக்கைக்கு அடியில் பொருத்தியிருக்கிறார்கள். வீட்டு ஏசி உள் வெப்பத்தை வெளிக்காற்றில் தள்ளுகிறது. இது கடல்தண்ணீரில் தள்ளுகிறது. படகின் அடியில் ஒரு துளை, அதற்கு மேலே வால்வு, பிறகு வடிகட்டி, பம்ப், செம்பு-நிக்கல் சுருள், கடைசியில் படகின் பக்கவாட்டில் வெளியேறும் குழாய். தண்ணீர் போகும் இந்த வழியை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சக் கதை விளங்கும்.

பங்குனி

மாரி முழுக்க ஓடாமல் கிடந்த மெஷினைப் போட்டேன். பத்து நிமிடம் குளிர்ந்தது, பிறகு வாயு அழுத்தம் கூடிவிட்டது என்று பிழைக்குறி காட்டி நின்றது. மறுபடி போட்டால் ஐந்து நிமிடம். வேறொரு வேலையாகக் கொழும்பிலிருந்து வந்திருந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். காற்று வரும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தார், தகட்டில் வருடத்தைப் பார்த்தார். "இதெல்லாம் பத்துப் பதினைந்து வருடச் சாமான். கழற்றி எறியுங்கள்" என்றார். அவர் சொன்ன புது மெஷின் விலைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். அன்று இரவு நான் பாதி சம்மதித்துவிட்டேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

காலையில் யோசித்தேன். வயது ஒரு நோயா? கையில் இருந்தவை ஒரு வாளி, ஒரு கைபேசி, மீன்தொட்டிக்கு வாங்கிய ஒரு வெப்பமானி. தோணியைப் படகின் பக்கத்தில் நிறுத்தி, வெளியேறும் தண்ணீரை 10 லீற்றர் வாளியில் பிடித்தேன். நிரம்ப 1 நிமிடம் 50 விநாடி. 12,000 பிடியுவுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 11 லீற்றர் கடல்தண்ணீர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் 16,000க்கு 15 லீற்றர், அதாவது வாளி 40 விநாடியில் நிரம்ப வேண்டும். வெப்பநிலை இன்னும் மோசம். கடல் 29 பாகை, வெளியே வருவது 41. கன்னியாவில் வெந்நீர்க் கிணறு ஏழு, எட்டாவது எங்கள் படகில்.

தண்ணீர் போதாவிட்டால் மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அழுத்தம் ஏறும், நிற்கும். அதில் அதன் குற்றம் ஒன்றுமில்லை. வால்வைப் பூட்டிவிட்டு வடிகட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு சொறிமுட்டை (ஜெல்லிமீன்), கண்ணாடிக் களி மாதிரி வலையோடு அப்பிக் கிடந்தது. அதற்குக் கீழே பாசியும் சேறும். மாரியில் மகாவலி கலங்கி கொட்டியாரக் குடாவுக்கு வருகிறதே, அந்தச் சேற்றில் ஒரு பங்கு எங்களுக்கும் வந்திருக்கிறது. பிறகு ஸ்க்ரூடிரைவரோடு தண்ணீரில் இறங்கினேன். அடித்துளையின் வாயில் சிப்பி ஓடுகள் வளர்ந்து, நுழையும் வழி பெருவிரல் அகலத்துக்கு வந்திருந்தது.

இன்னொரு பிழை நான் செய்ததுதான். போன வருடம் நான் மாற்றிய ஹோஸ், வடிகட்டிக்கும் பம்ப்புக்கும் நடுவில் ஒரு மேடு ஏறி இறங்கியது. இந்தப் பம்ப்புகள் தாமாகத் தண்ணீரை உறிஞ்சி எடுப்பவை அல்ல. கடல் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அடித்துளையிலிருந்து ஏசி வரை குழாய் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் மேடு இருந்தால் அதில் காற்றுக் குமிழ் குந்திக்கொள்ளும், பம்ப் வெறுமனே சுற்றும். ஹோஸை அரை மீற்றர் வெட்டி நேராக்கினேன்.

கடைசியாகச் சுருளுக்குள் படிந்த உப்பும் சுண்ணமும். சிட்ரிக் அமிலத்தை நல்ல தண்ணீரில் கரைத்து, வாளிக்குள் ஒரு சிறு பம்ப்பை வைத்து முக்கால் மணி நேரம் சுற்ற விட்டேன். முதலில் நுரைத்தது, பிறகு பச்சையாக மாறியது. நுரை நின்றதும் நல்ல தண்ணீரால் கழுவினேன். அமிலத் தண்ணீரைத் துறைமுகத்தில் ஊற்றவில்லை, கரைக்குக் கொண்டுபோய் அப்பச் சோடா போட்டு முறித்த பிறகே கொட்டினேன்.

வாளி 38 விநாடி. கடலுக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் வித்தியாசம் 6 பாகை. புது மெஷின் கதை அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சித்திரை

வருடப்பிறப்புக்கு முதல் நாள் கம்பிரசர் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு நின்றது. பிரேக்கர் விழுந்தது. கம்பிரசரைக் கிளப்ப உதவும் கப்பாசிட்டரில் 35 மைக்ரோபரட் என்று எழுதியிருந்தது, மீற்றர் 21 காட்டியது. ஐந்தாறு வீதத்துக்கு மேல் குறைந்தாலே மாற்ற வேண்டியது. கம்பிரசர் போய்விட்டதோ என்று பயந்து, சுருள்கம்பிக்கும் உடம்புக்கும் இடையில் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்தேன், இல்லை. புதுக் கப்பாசிட்டர் போட்டேன், உடனே பிடித்தது. (கப்பாசிட்டரைத் தொடுமுன் மின்சாரத்தை நிறுத்தி, அதில் தேங்கிய மின்னையும் இறக்க வேண்டும். நான் ஒருமுறை மறந்தேன், ஒருமுறை போதும்.)

மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் பெரிய குரலில் அனுப்பினேன்: "இன்னும் பத்து வருடம் ஓடும்."

ஆனி

கச்சான் தொடங்கிவிட்டது. நிலத்தைத் தாண்டி வரும் அந்தச் சூட்டுக் காற்றில் பின்னேரம் படகின் மேல்தட்டில் வெறுங்காலை வைக்க முடியாது. ஏசி நிற்காமல் ஓடுகிறது, பிழைக்குறி இல்லை, ஆனால் கபின் 30 பாகையை விட்டு இறங்குவதாக இல்லை.

பழக்கதோஷத்தில் வாளியைத் தூக்கினேன். 39 விநாடி, நல்லது. ஆனால் வெளியேறும் தண்ணீர் கடலைவிட 2 பாகைதான் கூட. பங்குனியில் தண்ணீர் அளவுக்கு மீறிச் சுட்டது, இப்போது சுடவே இல்லை. உள்ளேயிருந்து வெப்பம் எடுபடவில்லை என்று அர்த்தம். காற்றையும் அளந்தேன். உள்ளே இழுப்பது 30, வெளியே ஊதுவது 25. நல்ல மெஷினில் 8 முதல் 11 பாகை வரை வித்தியாசம் இருக்கும். கம்பிரசர் இழுக்கும் மின்னும் தகட்டில் போட்டிருப்பதைவிட நன்றாகக் குறைவு. குளிர்ச் சுருளின் ஒரு மூலையில் மட்டும் பனி, மற்ற இடமெல்லாம் வெதுவெதுப்பு.

கிண்ணியாவிலிருந்து நானா ஒருவர் வருவார், ஐஸ் தொழிற்சாலை, மீன் லொறி, பிரிட்ஜ் எல்லாம் பார்ப்பவர். அவர் வந்ததும் அழுத்த மானியை மாட்டுவார் என்று காத்திருந்தேன், மாட்டவில்லை. ஒரு டோர்ச்சை வாங்கிக்கொண்டு குப்புறப் படுத்தார். "இந்தச் சின்ன மெஷினில வாயு கொஞ்சம்தான், தம்பி. மீற்றரை மாட்டிக் கழற்றினாலே அதில கொஞ்சம் போயிரும். முதல் கண்ணால பாப்பம்."

கண்ணுக்குத் தெரிந்தது எண்ணெய். குளிர்ச் சுருளின் தகடுகளுக்குள்ளே, கைக்கு எட்டாத நடுப்பகுதியில், தூசி ஒட்டிய ஒரு கறுப்பு ஈரம். வாயு கசியும் இடத்தில் கம்பிரசர் எண்ணெயும் கூட வரும். சோப்புத் தண்ணீர் விட்டதும் மெல்லக் குமிழ் எழும்பியது. தண்ணீர் வடியும் தட்டு துருப்பிடித்து ஒரு மூலை இல்லாமலே போயிருந்தது. ஏசியிலிருந்து வடிந்த தண்ணீர் எத்தனை மாதம் படகின் அடிக்குள் போனதோ.

பிறகு அலுமாரிக்குள் தேடியபோது பழைய ரசீது இரண்டு கிடைத்தன. அடுத்தடுத்த இரண்டு வருடம் வாயு நிரப்பியிருக்கிறார்கள். எண்ணெய் மாதிரி எரிந்து தீர்வதற்கு வாயு என்ன டீசலா? குறைந்தால் எங்கோ ஓட்டை. அந்த இரண்டு ரசீதையும் பங்குனியிலேயே கண்டிருந்தால் சித்திரையில் அவ்வளவு பெரிய வாட்ஸ்அப் போட்டிருக்க மாட்டேன்.

உண்மையைச் சொன்னால், நான் அப்போதும் விடவில்லை. இன்னொரு தரம் நிரப்பி ஆவணி வரைக்கும் இழுக்கலாம், மச்சான் வந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும் என்றேன்.

"ஓட்டை வாளிக்கு எத்தனை தரம் தண்ணி அள்ளுவீங்க?" என்றார் நானா. நிரப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்ன கணக்கு நியாயம். ஓட்டை சுருளின் நடுவில், பற்றவைக்கும் காஸ் டோர்ச் அங்கே போகாது. சுருளையே மாற்றலாம் என்றால் அந்த மாடலுக்குச் சுருள் வருவதில்லை. வேறொன்றை வளைத்துப் பொருத்தினாலும் உள்ளே போட வேண்டியது ஆர்-22. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மொன்றியல் உடன்பாட்டின்படி படிப்படியாக நிறுத்தப்படும் வாயு அது, விலை ஏறும். புது மெஷின்களில் வரும் ஆர்-410ஏயைப் பழைய மெஷினில் ஊற்ற முடியாது. அதன் அழுத்தம் அறுபது வீதம் அளவுக்குக் கூட, அதற்கு வேண்டிய எண்ணெயும் வேறு. சுருள், வாயு, தட்டு, கூலி எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் எழுதிக் கூட்டினோம். புது மெஷினின் விலையில் பாதியைத் தாண்டியது. அதற்குப் பிறகும் இருக்கப்போவது 2006இன் கம்பிரசர்.

கொழும்புக்காரர் சொன்னதுதானே கடைசியில் நடந்தது என்று மனைவி கேட்டாள். அவர் சொன்ன அன்று மாற்றியிருந்தால், புது மெஷினும் அதே அடைத்த துளையோடும் அதே மேடேறிய ஹோஸோடும் ஐந்து நிமிடத்தில் நின்றிருக்கும் என்றேன். அவள் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

ஆடி

அளவு பார்த்த கதை சுருக்கமாக. கபினின் தரை 112 சதுர அடி. நீர்மட்டத்துக்கு மேலே, கண்ணாடி ஜன்னல்களோடு இருக்கும் கபினுக்குச் சதுர அடிக்கு 120 பிடியு என்று போட்டால் 13,440. எங்கள் வெயிலையும் 29 பாகைக் கடலையும் நினைத்து 16,000 எடுத்தோம். அதற்கு மேல் போகவில்லை. அளவுக்கு மீறிய ஏசி சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்காது, மெத்தை பூசணம் பிடிக்கும். 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸ்தானா என்று தகட்டின் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டே காசு கட்டினோம். அமெரிக்கப் படகுகளுக்கான 60 ஹேர்ட்ஸ் மெஷின்களும் விற்பனைக்கு வருகின்றன.

நீளம் அகலம் அளந்தேன், உயரம் அளக்க மறந்தேன். 3 சென்ரிமீற்றர் இடித்தது. இருக்கையின் சட்டத்தை வெட்டிப் பின்னால் தள்ள ஒரு சனி, ஞாயிறு போனது.

பழைய மெஷினில் மிஞ்சிய வாயுவை நானா சிலிண்டருக்குள் இழுத்து எடுத்தார், காற்றில் விடவில்லை. பம்ப்பை மாற்றச் சொன்னார்கள், மாற்றவில்லை. 39 விநாடி கொடுக்கும் பம்ப்புக்கு என்ன குறை? தண்ணீர் வடியும் குழாயை மட்டும் புதிதாக இழுத்தோம். முன்பு அது எஞ்சின் அறைக்குள் போய் முடிந்தது. அங்கே புகை கசிந்தால் கார்பன் மொனொக்சைட் அந்தக் குழாய் வழியே ஏறி, தூங்குகிற ஆளின் முகத்தில் ஊதும். இத்தனை வருடம் அதில்தான் படுத்து எழும்பியிருக்கிறோம்.

முதல் ஓட்டம்: இழுப்பது 31, ஊதுவது 21. வாளி 38 விநாடி.

ஐப்பசி

மச்சான் வந்தார், இரண்டு இரவு படுத்தார், குளிருது என்று போர்வை கேட்டார், போய்விட்டார். வாடைக்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தேன். வடிகட்டி சுத்தம், தட்டு காய்ந்து கிடக்கிறது, எண்ணெய்க் கறை இல்லை. வாளி 47 விநாடி. சனிக்கிழமை ஸ்க்ரூடிரைவரோடு திரும்பவும் இறங்க வேண்டும்.