லிங்கர் எந்தப் பெயரைத் தேடுகிறது?

சி, சி++ ப்ராஜெக்டில் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று எரர் வந்ததும் பலரும் போய்ப் பார்ப்பது, ஃபங்ஷன்களின் பெயர்களை அறிவிக்கும் ஹெடர் ஃபைலைத்தான். பெரும்பாலும் அங்கே பார்த்துப் பயனில்லை. ஹெடர் கிடைக்காவிட்டால் கம்பைலரே நிறுத்தியிருக்கும், கம்பைல் ஆன துண்டுகளை ஒரே ப்ரோகிராமாக இணைக்கும் லிங்கர் வரை விஷயம் வந்திருக்காது. இந்த எரர் வந்துவிட்டது என்றாலே கம்பைல் முடிந்துவிட்டது. ஒரு ஃபங்ஷனின் பெயர் தெரியும், அதன் உடல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. லிங்கர் சொல்வது அவ்வளவுதான்.

அதனால் முதலில் லிங்கருக்குப் போன கட்டளையை முழுசாகப் பாருங்கள். பில்ட் செய்யும் முறையை உருவாக்கித் தரும் கருவியான சிமேக்கில், பில்ட் கட்டளையோடு வெர்போஸ் ஆப்ஷனைச் சேர்த்தால் போதும். சிமேக் உருவாக்கிய மேக்ஃபைல் என்றால் வெர்போஸ்=1 என்று கொடுத்து ஓட்டலாம். கடைசியில் ஒரு நீளமான வரி வரும். அதில் எந்த லைப்ரரி, எந்தப் பாதையிலிருந்து, எந்த வரிசையில் என்று எல்லாம் இருக்கும். சிமேக் ஃபைலில் நாம் எழுதியது வேறு, லிங்கருக்குப் போய்ச் சேர்ந்தது வேறாக இருப்பது சர்வசாதாரணம்.

வரிசையைத்தான் அதிகம் பேர் கவனிக்காமல் விடுகிறார்கள். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் க்னூ லிங்கர் அந்த வரியை இடமிருந்து வலமாகப் படிக்கும். ஸ்டாட்டிக் லைப்ரரி, அதாவது டாட் ஏ ஃபைல், என்பது கம்பைலர் தரும் ஆப்ஜெக்ட் ஃபைல்கள் பலவற்றைக் கட்டி வைத்த மூட்டை. மூட்டையைப் பிரிக்கும் அந்த நொடியில் எந்தப் பெயருக்கு விடை தேவையோ, அந்தப் பெயர் இருக்கும் ஆப்ஜெக்டை மட்டும் லிங்கர் எடுத்துக்கொள்ளும். மற்றதை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்துவிடும், திரும்பி வராது.

மெயின் ப்ரோகிராம் ‘நெட்’ லைப்ரரியைக் கூப்பிடுகிறது, நெட் ‘கிரிப்டோ’வைக் கூப்பிடுகிறது என்று வையுங்கள். வரியில் கிரிப்டோ முதலில், நெட் பிறகு என்று இருந்தால், கிரிப்டோவைத் திறக்கும்போது அதிலிருந்து யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். நெட்டைத் திறந்த பிறகுதான் தேவை பிறக்கிறது. அதற்குள் கிரிப்டோவைக் கடந்தாயிற்று. ‘கிரிப்டோ வரியில்தானே இருக்கிறது, ஏன் இல்லை என்கிறது?’ என்ற குழப்பம் இங்கேதான் வருகிறது. கூப்பிடுகிறவர் முன்னால், கூப்பிடப்படுகிறவர் பின்னால் இருக்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மெயினே கிரிப்டோவின் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்து, நெட்டுக்குத் தேவையானதும் அதே ஆப்ஜெக்டில் இருந்தால், தப்பான வரிசையிலும் லிங்க் ஆகிவிடும். பிறகு யாரோ மெயினில் அந்த ஒரு வரியை எடுத்துவிடுவார்கள், பில்ட் உடையும். கோடைக் குறைத்ததற்கு லிங்க் எரர் வந்தால் முதலில் வரிசையைச் சந்தேகியுங்கள். எல்எல்டி என்ற இன்னொரு லிங்கரும் ஆப்பிளின் மேக் கணினியில் இருக்கும் லிங்கரும் இந்த வரிசையை இவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. மேக்கில் ஓடிய பில்ட் லினக்ஸில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிமேக்கில் சரியான தீர்வு, எல்லா லைப்ரரியையும் எக்ஸிக்யூட்டபிளின் பட்டியலில் திணிப்பதல்ல. நெட் டார்கெட்டிடமே, அதாவது சிமேக் ஃபைலில் நெட் லைப்ரரிக்கான பதிவிடமே, ‘உனக்குக் கிரிப்டோ வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள். வரிசையைச் சிமேக்கே போட்டுக்கொள்ளும். இரண்டு லைப்ரரிகள் ஒன்றையொன்று கூப்பிட்டால் இடையில் இருப்பவற்றைத் திரும்பத் திரும்பத் தேடச் சொல்லும் ஸ்டார்ட் குரூப், எண்ட் குரூப் ஆப்ஷன்கள் இருக்கின்றன. ஆனால் அப்படி ஒரு நிலை வந்தால் அந்த இரண்டையும் ஒரே லைப்ரரியாக்குவதே நல்லது என்பேன்.

வரிசையும் சரி, லைப்ரரியும் இருக்கிறது, இன்னும் எரரா? அப்படியானால் பெயரே பொருந்தவில்லை. எரர் செய்தியை உற்றுப் பாருங்கள். வெறும் ‘ஆட்’ என்று இருந்தால் சி பெயரைத் தேடுகிறது. ‘ஆட்’டுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் இன்ட், இன்ட் என்று இருந்தால் சி++ பெயரைத் தேடுகிறது. லைப்ரரி சி-யில் கம்பைல் ஆகியிருக்க, ஹெடரில் ‘இது சி பெயர்’ என்று சொல்லும் எக்ஸ்டர்ன் சி இல்லையென்றால் இரண்டு பெயர்களும் சந்திக்கவே சந்திக்காது. பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கட்டளையை லைப்ரரி மேல் ஓட்டுங்கள்: பெயருக்கு முன்னால் ‘டெக்ஸ்ட்’டின் முதல் எழுத்தான டி என்றால் அந்த ஃபங்ஷன் அங்கே இருக்கிறது, யூ மட்டும் என்றால் அந்த லைப்ரரியும் அதை வெளியில்தான் தேடுகிறது. ஷேர்ட் லைப்ரரியான டாட் எஸ்ஓ ஃபைலுக்கு, ‘டைனமிக்’கின் முதல் எழுத்தான பெரிய டி ஆப்ஷனையும் சேர்க்க வேண்டும்.

எரரில் ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ என்ற துண்டு தெரிந்தால் கம்பைலரான ஜிசிசியின் பதிப்பை யோசியுங்கள். 2015-இல் வந்த ஜிசிசி 5, ஸ்ட்ரிங், லிஸ்ட் இரண்டின் உள்ளமைப்பையும் மாற்றியது. பழைய முறையில் கட்டிய லைப்ரரியைப் புதிய கோடோடு சேர்த்தால் ஸ்ட்ரிங், லிஸ்ட் வாங்கும் ஃபங்ஷன்கள் மட்டும் கிடைக்காமல் போகும். லைப்ரரியை மறுபடி கம்பைல் செய்வதே உறுதியான வழி.

‘கேனாட் ஃபைண்ட்’ என்று லைப்ரரியின் பெயரைச் சொல்லி நிற்கிறதா? உபுண்டு, டெபியனில் பெரும்பாலும் டெவ் பேக்கேஜ் இல்லை என்று பொருள். ரன்டைம் பேக்கேஜ் பதிப்பு எண்ணோடு கூடிய எஸ்ஓ ஃபைலை மட்டும் தரும். லிங்கர் தேடும் எண் இல்லாத பெயர் டெவ் பேக்கேஜில்தான் வரும்.

லைப்ரரியின் புதிய பதிப்பை வேறு இடத்தில் போட்ட பிறகும் பழையதே லிங்க் ஆகிறதென்றால், அது சிமேக் கேஷ். ஒருமுறை கண்டுபிடித்த பாதையைக் கேஷில் எழுதிவிட்டால் சிமேக் மறுபடி தேடாது. தேடும் இடத்தைச் சொல்லும் ப்ரிஃபிக்ஸ் பாத்தை மாற்றினாலும் தேடாது. கேஷ் ஃபைலை அழியுங்கள், அல்லது சிமேக் 3.24 முதல் இருக்கும் ஃப்ரெஷ் ஆப்ஷனைக் கொடுங்கள்.

லிங்க் ஆகி, ஓட்டும்போது லைப்ரரி கிடைக்கவில்லை என்றால் அது லைப்ரரிகளை ஓட்டும்போது ஏற்றும் டைனமிக் லோடரின் வேலை. எல்டிடி கட்டளை ‘நாட் ஃபவுண்ட்’ என்று எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். யூஎஸ்ஆர் லோக்கலில் இன்ஸ்டால் செய்துவிட்டு லோடரின் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக்கை ஓட்ட மறந்திருக்கலாம். பில்ட் டைரக்டரியில் ஓடி, இன்ஸ்டால் செய்ததும் ஓடவில்லை என்றால் ஆர்பாத்தை, அதாவது லைப்ரரியைத் தேட வேண்டிய இடமாகப் பைனரிக்குள் பதியும் பாதையை, பாருங்கள். சிமேக் பில்டின்போது ஆர்பாத்தை வைக்கும், இன்ஸ்டால் செய்யும்போது எடுத்துவிடும். அதற்கு இன்ஸ்டால் ஆர்பாத்தில், பைனரி இருக்கும் டைரக்டரியைக் குறிக்கும் டாலர் ஆரிஜின் கொடுக்கலாம். கையால் லிங்க் கட்டளை எழுதுகிறவர்கள் அதை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் ஷெல் அதைத் தன் வேரியபிள் என்று நினைத்து வெறுமையாக்கிவிடும். மேக்ஃபைலில் டாலரை இரண்டு முறை போட வேண்டும். பைனரிக்குள் என்ன பதிந்தது என்பதை ரீட்எல்ஃப் கட்டளை ‘டைனமிக்’கின் சின்ன டி ஆப்ஷனோடு காட்டும். ரன்பாத் அல்லது ஆர்பாத் வரியில் ஆரிஜின் என்ற சொல் இருக்க வேண்டும்.