அரசு ஆஸ்பத்திரி மாத்திரைக்கு வருமான வரம்பு கிடையாது

"நமக்கெல்லாம் அங்கே குடுப்பாங்களா?" காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிகளை அழைத்துப்போகும்போது முதலில் வரும் கேள்வி இது. கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வெளிநோயாளிக்குத் தரும் மாத்திரைக்கு வருமானச் சான்று கேட்பதில்லை. ரேஷன் கார்டு எந்த வகை என்றும் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் என்ற வரம்பு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு உரியது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு மாதாமாதம் கடையில் காசு கொடுப்பவர்கள் இங்கே ஏராளம்.

வேண்டியது சீட்டு. தனியார் டாக்டர் எழுதியதை மருந்து ஜன்னலில் நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டு, அரசு டாக்டரைப் பார்த்து எழுதி வாங்க வேண்டும். பழைய சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, சாப்பிடும் மாத்திரையின் அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். அங்கே கம்பெனிப் பெயர் செல்லாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500, பிரஷருக்கு அம்லோடிபின் 5 என்று மருந்தின் பெயர்தான். இரண்டு மருந்து சேர்ந்த ஒற்றை மாத்திரை பெரும்பாலும் இருக்காது, தனித்தனியாகத் தருவார்கள். நிறமும் வடிவமும் மாறியிருப்பதால் வேறு மருந்து என்று நினைத்து, வீட்டில் மிச்சமிருப்பதையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள். பிரஷர் மாத்திரையில் அப்படி நடந்தால் தலைசுற்றி விழ நேரும். வீடு திரும்பியதும் பழைய அட்டைகளைத் தனியே எடுத்து வையுங்கள்.

இன்சுலினில் இன்னும் கவனம் வேண்டும். அரசு ஆஸ்பத்திரிக் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். கடையில் வாங்கும், பேனா போன்ற ஊசியில் வரும் மருந்தில் 100. 40 குப்பிக்குச் சிவப்பு மூடி ஊசிதான். 100 யூனிட் ஊசியில் எடுத்தால் உடம்புக்குள் போவது பாதிக்கும் குறைவு, சர்க்கரை இறங்காது. பேனாவிலிருந்து குப்பிக்கு மாறும்போது ஊசியையும் மருந்தையும் நர்ஸிடம் சேர்த்துக் காட்டி, ஊசியில் எந்தக் கோடுவரை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் வெயிலில் பஸ்ஸில் எடுத்துவர ஃபிளாஸ்க் அவசியம். ஐஸ் கட்டி குப்பியைத் தொடக்கூடாது, உறைந்த இன்சுலின் உதவாது.

நடக்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். முதலில் பெயர் பதிவாக வேண்டும். ஊர் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இருப்பு தீர்ந்துபோகிற நாளும் உண்டு. அதனால் கடைசி மாத்திரைவரை காத்திராமல் நான்கு நாள் முன்பே போய்விடுங்கள். அன்றைக்கு இல்லையென்றால் மாற்று மருந்து உண்டா என்று டாக்டரிடமே கேளுங்கள், ஜன்னலில் கேட்டுப் பயனில்லை.