ரீடிங் மட்டும் போதாது, ஸ்டேட்டஸையும் கேட்க வேண்டும்

டிஜிட்டல் மல்டிமீட்டரைக் கம்ப்யூட்டரிலிருந்து இயக்க எழுதப்படும் புரோகிராம்களில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும். கனெக்‌ஷனைத் திற, வோல்டேஜைக் கேள், வந்த எண்ணை ஃபைலில் எழுது, ஒரு விநாடி சும்மா இரு, திரும்பக் கேள். மேஜையில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் வரை இது நன்றாகவே ஓடும். ராத்திரி முழுக்க ஆளில்லாமல் ஓடவிடும்போதுதான் சிக்கல், ஏனென்றால் அந்த ஃபைலில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் நீங்கள் கேட்ட கேள்விக்கு வந்த பதில்தானா என்று சொல்ல அதில் எந்தச் சாட்சியும் இருக்காது. அந்தச் சாட்சியை மீட்டர் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் என்பது அதுதான், பலர் மேனுவலில் அந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. எச்பி தன் கருவிகளை இணைக்க உருவாக்கிய எச்பி-ஐபி பஸ், 1975-இல் ஐ-ட்ரிபிள்-ஈ 488 என்ற தரமாக ஆனது. வயரும் சிக்னலும் எப்படி இருக்க வேண்டும் என்றுதான் அது சொன்னது, கருவியோடு என்ன மொழியில் பேசுவது என்று சொல்லவில்லை. 1987-இல் வந்த 488.2-தான் எல்லாக் கருவிக்கும் பொதுவான கட்டளைகளையும் ஸ்டேட்டஸ் அமைப்பையும் வரையறுத்தது, 1990-இல் அதன் மேல் ஸ்கிப்பி (அளவிடும் கருவிகளுக்கான பொதுக் கட்டளை மொழி) வந்தது. இன்றைக்கு யுஎஸ்பியிலும் லேனிலும் பேசும் மீட்டர்கள்கூட அதே எட்டு பிட்டைத்தான் தருகின்றன, அதனால் ஒருமுறை கற்றால் போதும். (கட்டளைகளை இங்கே உச்சரிக்கிற மாதிரி எழுதுகிறேன், டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் வரும்.)

எட்டு பிட் என்றது ஸ்டேட்டஸ் பைட்டை, மீட்டரின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லும் ஒரு எண் அது. ஒவ்வொரு பிட்டுக்கும் 1, 2, 4 என்று 128 வரை இரட்டிக்கும் ஒரு மதிப்பு உண்டு, விழுந்திருக்கும் பிட்களின் மதிப்புகளைக் கூட்டினால் அந்த எண் வரும். இதில் எல்லா பிட்டையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, நான்கைந்து தெரிந்தால் வேலை நடக்கும். 4 என்றால் எரர் க்யூவில், அதாவது மீட்டர் பிழைகளைச் சேர்த்து வைக்கும் வரிசையில், ஏதோ கிடக்கிறது. 8 என்றால் கொஸ்டினபிள் டேட்டா, அதாவது ரீடிங் சந்தேகத்துக்குரியது. 16 என்றால் படிக்கப்படாத பதில் ஒன்று காத்திருக்கிறது. 32 என்றால் ஸ்டாண்டர்ட் ஈவென்ட் ரெஜிஸ்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது. 64 என்றால் மீட்டர் சர்வீஸ் கேட்கிறது, அதாவது கம்ப்யூட்டரைக் கவனிக்கச் சொல்கிறது. எரர் க்யூ பிட் எல்லா மீட்டரிலும் கிடையாது, எச்பியின் பழைய 34401ஏ அதை எப்போதும் பூஜ்யமாகவே வைத்திருக்கும், அதனால் உங்கள் மேனுவலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேட்டஸ் பைட் ஒரு சுருக்கம்தான். விவரம் வேண்டுமென்றால் ஸ்டாண்டர்ட் ஈவென்ட் ரெஜிஸ்டருக்குப் போக வேண்டும், அதைப் படிக்கும் கட்டளை *இஎஸ்ஆர்?. இங்கே 1 என்றால் வேலை முடிந்தது, 4 என்றால் கேள்வி-பதில் குழப்பம், 8 என்றால் கருவிக்குள்ளேயே பிரச்சினை, 16 என்றால் கட்டளை புரிந்தது ஆனால் நிறைவேற்ற முடியவில்லை, 32 என்றால் கட்டளையே புரியவில்லை. இந்த ரெஜிஸ்டர் எலிப்பொறி மாதிரி, ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான், நீங்கள் வந்து திறக்கும் வரை அப்படியே இருக்கும். படித்தவுடன் பூஜ்யமாகிவிடும். அதனால் ஒருமுறை படித்த மதிப்பை வேரியபிளில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிட்டாகப் பாருங்கள், ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக *இஎஸ்ஆர்? அனுப்பினால் இரண்டாவது சோதனைக்கு வெறும் பூஜ்யம்தான் வரும்.

இன்னொரு விஷயம், ஈவென்ட் ரெஜிஸ்டரில் பிட் விழுந்தால் தானாகவே ஸ்டேட்டஸ் பைட்டில் 32 ஏறிவிடாது. எந்தெந்த பிட் மேலே போகலாம் என்று *இஎஸ்இ கட்டளையால் அனுமதி கொடுக்க வேண்டும், அப்புறம் எது சர்வீஸ் ரிக்வெஸ்ட்டாக மாறலாம் என்று *எஸ்ஆர்இ கட்டளையால் சொல்ல வேண்டும். நான் வழக்கமாக *இஎஸ்இ 61, *எஸ்ஆர்இ 32 என்று வைப்பேன். 61 என்பது 1, 4, 8, 16, 32 எல்லாம் சேர்ந்தது, அதாவது வேலை முடிந்தாலும் சொல், எந்த வகைப் பிழை வந்தாலும் சொல்.

சரி, ஒரு உதாரணத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். செட்டிங் அனுப்பியபின் ஸ்டேட்டஸ் பைட்டைப் படித்தால் 100 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 என்பது 64, 32, 4. சர்வீஸ் கேட்கிறது, ஈவென்ட் இருக்கிறது, எரர் க்யூவும் காலியாக இல்லை. *இஎஸ்ஆர்? கேட்டால் 32, கட்டளை புரியவில்லை. எரர் க்யூவைப் படிக்கும் சிஸ்ட்:எரர்? கேட்டால் -113, "அன்டிஃபைன்ட் ஹெடர்" என்று வரும். எங்கோ ஒரு எழுத்து மாறிப்போயிருக்கிறது, அதனால் நீங்கள் கேட்ட ரேஞ்ச் செட் ஆகவே இல்லை. ஸ்டேட்டஸ் பார்க்காத புரோகிராமும் இதே இடத்தில் எந்தப் புகாரும் இல்லாமல் ரீடிங் எடுத்துக்கொண்டே போயிருக்கும், பழைய ரேஞ்சில். எரர் க்யூவை ஒருமுறை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், பூஜ்யம் வரும் வரை கேளுங்கள், உள்ளே ஒன்றுக்கு மேல் இருக்கலாம்.

அடுத்து காத்திருக்கும் விஷயம், எனக்கு இதுதான் மொத்தத்திலும் முக்கியமாகப் படுகிறது. இன்டெக்ரேஷனை (ஒரு ரீடிங்குக்காக மீட்டர் சிக்னலைச் சேர்த்துப் பார்க்கும் நேரம்) 100 பவர் லைன் சைக்கிள், அதாவது மெயின்ஸ் கரன்ட்டின் 100 சுழற்சி, என்று வைத்தால் 50 ஹெர்ட்ஸில் ஒரு அளவீட்டுக்கு 2 விநாடி ஆகும், ஆட்டோஜீரோ (ஒவ்வொரு அளவீட்டோடும் தன் பூஜ்யப் பிழையையும் அளந்து கழிப்பது) ஆனில் இருந்தால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கருவிகளோடு பேச உதவும் விசா லைப்ரரி பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கமான டைம்அவுட்டோ 2000 மில்லி விநாடி. அளந்து பதில் தரச் சொல்லும் ரீட்? அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் புரோகிராம் டைம்அவுட் ஆகும், மீட்டர் பாவம் இன்னும் அளந்துகொண்டிருக்கும். இங்கே பலர் எக்ஸப்ஷனைப் பிடித்துவிட்டு அடுத்த கேள்வியை அனுப்புகிறார்கள். ஜிபிஐபியில் (மேலே சொன்ன 488 பஸ்தான்) என்றால் மீட்டர் -410, அதாவது கேள்வி இடையில் வெட்டப்பட்டது என்று பதிவு செய்யும். லேனில் வெறும் சாக்கெட்டில் (நேரடி நெட்வொர்க் இணைப்பு) பேசினால் நிலைமை இன்னும் மோசம், முதல் கேள்வியின் பதில் தாமதமாக வந்து இரண்டாவது கேள்வியின் பதிலாக உட்கார்ந்துகொள்ளும், அதற்குப் பிறகு எல்லா ரீடிங்கும் ஒரு படி தள்ளித்தான் இருக்கும். எண்கள் எல்லாம் நம்பும்படியாகவே இருப்பதால் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

டைம்அவுட்டைக் கூட்டினால் தீரும்தான், ஆனால் அதைவிடச் சரியான வழி ஒன்று இருக்கிறது. முதலில் *சிஎல்எஸ் அனுப்பிப் பழைய ஈவென்ட்டுகளைத் துடைத்துவிடுங்கள் (இது *இஎஸ்இ, *எஸ்ஆர்இ மதிப்புகளைத் தொடாது), அப்புறம் அளவீட்டைத் தொடங்கும் இனிட், உடனே வேலை முடிந்ததைக் குறிக்கச் சொல்லும் *ஓபிசி. கடைசியில் கேள்விக்குறி இல்லை என்பதைக் கவனியுங்கள். கேள்விக்குறியோடு அனுப்பினால் வேலை முடியும் வரை பதிலே வராது, திரும்பவும் அதே டைம்அவுட் கதை. கேள்விக்குறி இல்லாமல் அனுப்பினால் வேலை முடிந்தவுடன் ஈவென்ட் ரெஜிஸ்டரில் 1 விழும், ஸ்டேட்டஸ் பைட் 96 ஆகும். நீங்கள் அதுவரை இடைவெளி விட்டுவிட்டு ஸ்டேட்டஸ் பைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அதில் 32 பிட் விழுந்ததும் *இஎஸ்ஆர்?, அதில் 1 மட்டும் இருந்தால் ஃபெட்ச்? கேட்டு ரீடிங்கை வாங்கிக்கொள்ளுங்கள். வேறு பிட் இருந்தால் ரீடிங்கை எடுக்காதீர்கள், எரர் க்யூவுக்குப் போங்கள்.

ஸ்டேட்டஸ் பைட்டை எப்படிப் படிப்பது என்பதிலும் வித்தியாசம் உண்டு. *எஸ்டிபி? என்பது மற்ற கட்டளைகளைப் போலவே வரிசையில் நின்று போகும் ஒரு கேள்வி. சீரியல் போலிங் (ஸ்டேட்டஸ் பைட்டை மட்டும் நேரடியாகக் கேட்கும் முறை) அப்படியல்ல, அது கட்டளை வரிசைக்கு வெளியே தனி வழியில் போகிறது, அதனால் மீட்டர் பிஸியாக இருந்தாலும் பதில் கிடைக்கும். விசாவுக்கான பைத்தான் லைப்ரரியான பைவிசாவில் அதற்கு ரீட்-எஸ்டிபி என்று ஒரு ஃபங்ஷனே இருக்கிறது. ஜிபிஐபி, யுஎஸ்பிடிஎம்சி (யுஎஸ்பிக்கான முறை), விஎக்ஸ்ஐ-11, ஹைஸ்லிப் (இவை இரண்டும் லேனுக்கானவை) நான்கிலும் இது நடக்கும், 5025 போர்ட்டில் வெறும் சாக்கெட் திறந்து பேசினால் நடக்காது. லேனில் இணைக்கிறீர்கள், மீட்டர் ஹைஸ்லிப் தருகிறது என்றால் அதையே எடுங்கள். டைம்அவுட்டுக்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒழுங்காகத் திரும்பத் தொடங்க உதவும் டிவைஸ் கிளியர் வசதியும் அதில் இருக்கிறது.

ஓவர்லோட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரேஞ்சைத் தாண்டினால் மீட்டர் 9.9இ+37 (9.9 பெருக்கல் 10-இன் 37-ஆம் அடுக்கு) என்று அனுப்பும், ஸ்கிப்பியில் அது முடிவிலிக்கான எண். 9.91இ+37 என்றால் அது எண்ணே இல்லை என்று அர்த்தம். இரண்டையும் ரீடிங்காக எடுத்துச் சராசரி போட்டால் அவ்வளவுதான். கூடவே கொஸ்டினபிள் ரெஜிஸ்டரில் (ஸ்டேட்டஸ் பைட்டின் 8-க்குப் பின்னால் இருப்பது) வோல்டேஜ் ஓவர்லோடுக்கு பிட் 0 (இது மதிப்பல்ல, பூஜ்யத்திலிருந்து எண்ணும் இட எண்), கரன்ட்டுக்கு பிட் 1 விழும். ரெசிஸ்டன்ஸுக்கு 34401ஏ-யில் பிட் 9, மற்ற மீட்டர்களில் மேனுவலைப் பாருங்கள். நூறு ரீடிங்கை மொத்தமாக எடுக்கும்போது முடிவில் இந்த ரெஜிஸ்டரை ஒருமுறை படித்தாலே நடுவில் எப்போதாவது தாண்டியதா என்று தெரிந்துவிடும்.

கடைசியாக *இஎஸ்ஆர்?-இல் 128. மீட்டர் அணைந்து மீண்டும் ஆன் ஆகியிருக்கிறது என்பதன் அடையாளம் அது. நீண்ட நேர ஓட்டத்தில் நடுவே கரன்ட் போய் வந்தால் மீட்டர் தன் டீஃபால்ட் செட்டிங்கில் எழுந்து, எதுவும் நடக்காதது போலப் பதில் சொல்லத் தொடங்கும். புரோகிராம் தொடங்கியதும் ஒருமுறை *இஎஸ்ஆர்? படித்து இந்த பிட்டைத் துடைத்துவிடுங்கள், அதற்குப் பின் ஒவ்வொரு சுற்றிலும் *சிஎல்எஸ்ஸுக்கு முன்னால் பாருங்கள், *சிஎல்எஸ் இதையும் துடைத்துவிடும் என்பதால் வரிசை முக்கியம். 128 இருந்தால் ரேஞ்ச், இன்டெக்ரேஷன், *இஎஸ்இ, *எஸ்ஆர்இ எல்லாவற்றையும் முதலிலிருந்து அனுப்பி, போன சுற்றின் ரீடிங்குகளுக்குப் பக்கத்தில் ஃபைலிலேயே ஒரு குறிப்பு எழுதச் சொல்லுங்கள்.