வீட்டில் படிக்கும் பிள்ளைகள்

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வைக்கிறீங்க?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் எங்களைப் போன்றவர்கள் மணிக்கணக்கை அவ்வளவாகப் பார்ப்பதில்லை, பிள்ளை எதில் மூழ்கிக் கிடக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதுதான் கணக்கு. என் மகளுக்குப் பின்னம் பிடிபடவே இல்லை. சரி என்று புத்தகத்தை மூடிவிட்டு அளவுக் கோப்பைகளைக் கையில் கொடுத்தேன், கால் கோப்பை இரண்டு ஊற்றினால் அரை நிறைகிறது என்று அவளே கண்டுபிடித்தாள், அப்புறம் முக்காலுக்கு எத்தனை என்று அவளாகவே ஊற்றிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

எல்லா வீட்டிலும் ஒரே வழி கிடையாது. 1977-இல் வீட்டுக்கல்விக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கிய ஜான் ஹோல்ட், பிள்ளையின் ஆர்வம் போகிற பக்கம் கற்றலும் போகட்டும் என்றார். அதற்கு முன்பே இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன், சின்னச் சின்னப் பாடங்களாக நடத்தி, வாசித்ததைப் பிள்ளையின் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொன்னார். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும், பரீட்சைத் தாளில் தெரியாத குழப்பமெல்லாம் அப்படிச் சொல்லும்போது வெளியே வந்துவிடும்.

மற்ற பிள்ளைகளோடு பழக வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. அது தானாக நடக்காது, விளையாட்டு, நூலகம், தெரிந்த குடும்பங்கள் என்று பெற்றோர்தான் மெனக்கெட வேண்டும்.